பண்ணையாள் வேடம் கட்டுகிறவர்களுக்கு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மேடையேறும் பபூன்களுக்கும், கரகாட்டக் குழுக்களின் கோமாளிகளுக்கும், பலகுரல் கலைஞர்களுக்கும், பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கும் வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்து மேடைகளுக்கு ஓய்வு கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி, அதைத் தொடர்ந்து சித்திரை, வைகாசி முழுக்க ஊர் ஊராக அம்மன் கோயில் பொங்கல், ஆடிப்பூரத்தில் ஆண்டாள் தேர் என்று கூட்டம் கூடுகிற இடமெல்லாம் உங்களுக்கும் ஓர் இடம் உண்டு. ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளி வருவதற்கு முன்பே வந்து, ஆர்மோனியக்காரரோடு வம்பளந்து, தூங்கப் போக எழுந்தவரையும் மறுபடி உட்கார வைப்பவர் பபூன். விடிய விடிய ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைப்பது லேசான காரியமில்லை. நூற்பாலையில் இரவுப் பணி முடித்து வந்தவரும், வயலில் நாற்று நட்டுவிட்டு வந்தவரும் அலுப்பை மறப்பது உங்களால்தான். அந்த மரியாதையோடுதான் இந்த மடல் எழுதப்படுகிறது.

மடல் பேச வந்தது ஒரே ஒரு சங்கதியை. பண்ணையாரும் பண்ணையாளும் பேசிக்கொள்ளும் காமெடிப் பகுதி உங்களில் பலரிடம் இருக்கிறது. பண்ணையாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நிற்பார். வேலைக்கு ஏன் தாமதம் என்று கேட்டால் கிறுக்குத்தனமாக ஒரு காரணம் சொல்வார். பண்ணையார் அவருடைய சாதிப் பெயரோடு ‘பய’ என்பதை ஒட்டி வைவார். கூட்டம் சிரிக்கும். அந்தச் சாதிப் பெயரைச் சிரிப்புக்காகச் சொல்வதை நிறுத்துங்கள் என்பதுதான் வேண்டுகோள். பண்ணையாள் வேடம் இருக்கட்டும், பண்ணையார் வேடமும் இருக்கட்டும். வசை மட்டும் போகட்டும்.

மேடையில் நிற்கும்போது விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். எதிரே முகம் தெரியாது. ஆனால் கூட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரியும். யார் எந்தத் தெரு, யாருடைய தாத்தா யாருடைய பண்ணையில் இருந்தார் என்பதெல்லாம் ஊருக்குள் எழுதி வைக்காத பதிவேடு. அந்தச் சொல் ஒலிபெருக்கியில் வந்தவுடன், சிரிக்கும் வாய்களைத் தாண்டிப் பல கண்கள் ஒரு பக்கமாகத் திரும்பும். கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் அந்தக் குடும்பம் எழுந்து போனால் ‘ரோஷத்தைப் பாரு’ என்பார்கள். இருந்து சிரித்தால் ‘அவங்களே சிரிக்கிறாங்க’ என்பார்கள். சென்னை அரங்கில் டிக்கெட் வாங்கி வந்தவர் பிடிக்காவிட்டால் வெளியே போகலாம். சொந்த ஊர்ப் பொங்கலை விட்டு ஒருவர் எங்கே போவார்?

அந்தச் சொல் சும்மா வந்த வசையல்ல. தமிழகத்தில் மனிதர்கள் விற்கப்பட்டதற்கும் வாங்கப்பட்டதற்கும் ஓலைச் சான்றுகள் இருக்கின்றன. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் ‘தமிழகத்தில் அடிமை முறை’ என்ற நூலையே இதற்காக எழுதியிருக்கிறார். ஆங்கிலேய அரசு 1843-ல் கொண்டுவந்த சட்டம், அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று சொன்னது. அடிமையை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1860-ல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில்தான். அதற்குப் பிறகும் கடன் என்ற பெயரில் பண்ணையாள் முறை தொடர்ந்தது. தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழைத்தார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வருவதற்கு 1976 ஆனது. சட்டம் வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 1995-ல், உச்ச நீதிமன்றம் அமைத்த குழு தமிழகத்தில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கை வந்தபோது குழந்தையாக இருந்தவர்கள் இன்று உங்கள் மேடைக்கு முன்னால் தங்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இத்தனை பேரை விலங்கு பூட்டாமல் கட்டிப்போட முடிந்தது எப்படி? கடன் ஒரு கயிறு. இன்னொரு கயிறு, தினமும் காலையில் வயல் வரப்பில் நின்று கூப்பிட்ட அந்தக் கூப்பாடு. எழுபது வயதுக்காரரைப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லாமல் சாதி சொல்லிக் கூப்பிட்டான். அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார். வேலை வாங்குவதற்கும், கூலி கேட்கவிடாமல் வாயடைப்பதற்கும் பயன்பட்டது அந்தச் சொல். உங்கள் காமெடிப் பகுதியில் பண்ணையார் அதை உச்சரிக்கும்போது, கேட்கிறவர்களில் சிலருக்கு அது ஞாபகத்தில் இருக்கும் குரல்.

சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதியினர் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றம் என்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ அம்மக்கள் மீது வெறுப்பைத் தூண்டுவதற்கும் தனிப் பிரிவு உண்டு. 2011-ல் ஆறுமுகம் சேர்வை வழக்கில், மதுரை மாவட்டத்திலிருந்து போன ஒரு சாதி வசையை உச்ச நீதிமன்றம் விசாரித்தது. நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா அமர்வு, அது ஒரு சாதியின் பெயராகவே இருந்தாலும் இழிவுபடுத்தும் நோக்கோடு சொன்னால் குற்றம்தான் என்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களைக் குறித்த பழைய வசைச்சொல்லை அதே தீர்ப்பில் எடுத்துக்காட்டி, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செல்லுபடியானது இன்று செல்லாது என்று விளக்கியது.

பெயரும் புகழும் இருப்பவர்களையும் இது விடவில்லை. கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் 2020-ல் இன்ஸ்டாகிராம் நேரலை ஒன்றில் சக வீரரைக் கேலி செய்ய வட இந்தியச் சாதி வசை ஒன்றைப் பயன்படுத்தினார். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஹரியாணாவில் வழக்குப் பதிவாகி, 2021 அக்டோபரில் கைதாகி, ஜாமீனில் வந்தார். மாயாவதியைப் பற்றி நடிகர் ரந்தீப் ஹூடா என்றோ சொன்ன ஒரு ‘ஜோக்’ 2021-ல் மறுபடி சுற்றுக்கு வந்தது, ஐ.நா. ஒப்பந்தம் ஒன்றின் தூதர் பொறுப்பு அவர் கையைவிட்டுப் போனது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம், ‘சண்டாளர்’ என்பது பட்டியலில் உள்ள ஒரு சாதியின் பெயர், அதை நகைச்சுவையிலும் பாட்டிலும் அரசியல் மேடையிலும் வசையாகப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. அது சாதிப் பெயர் என்றே தெரியாமல் காலங்காலமாகச் சொல்லி வந்தவர்கள் நம்மில் ஏராளம். தெரிந்த பிறகு விட்டுவிடுவதில் யாருக்கும் குறைவில்லை.

வழக்குக்குப் பயந்து நிறுத்துங்கள் என்று இந்த மடல் கேட்கவில்லை. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றமே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. படியேற வழி எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு கலைஞரை நீதிமன்றப் படியேற்றுவதால் காயம்பட்டவருக்கு மனம் ஆறாது, கலையும் வளராது. உங்கள் மனதிலிருந்தே வரவேண்டிய மாற்றம் இது.

சொல் சுடும் என்பதை இந்த இரண்டு ஊர்களுக்கும் வெளியிலிருந்து யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ‘தமிழை ஆண்டாள்’ என்ற தலைப்பில் உரையாற்றினார். அதில் ஆண்டாளைப் பற்றி ஓர் ஆய்வு நூலிலிருந்து அவர் எடுத்துச் சொன்ன ஒரு வாக்கியம், ஒரு சொல், ஸ்ரீவில்லிபுத்தூரையே வீதிக்குக் கொண்டுவந்தது. அந்த ஊர் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். கவிஞர் வருத்தம் தெரிவித்தார். உரையை வெளியிட்ட நாளிதழின் ஆசிரியர் ஆண்டாள் சந்நிதிக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். அந்த உரை சரியா தவறா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அது இங்கே பேச்சல்ல. ஆனால் அன்று ஊரில் காயம்பட்டவர்களிடம் போய், ‘வெறும் சொல்தானே, இதற்கெல்லாமா?’ என்று கேட்க முடிந்ததா? தங்கள் வீட்டுப் பெண்ணைச் சொன்னதுபோல் துடித்தார்கள். அந்தத் துடிப்பு புரிகிறவர்களுக்கு, கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் குடும்பத்தின் துடிப்பு புரியாமல் போகக் காரணமில்லை.

அதற்கும் முன்னால் 1997. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு, பட்டியல் சாதியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியபோது மூண்ட எதிர்ப்பும் கலவரமும் நாற்பது வயது தாண்டிய எவருக்கும் மறந்திருக்காது. கடைசியில் தமிழக அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. பேருந்தில் எழுதிய ஒரு பெயருக்காக உயிர்கள் போன மண்ணில், ஒலிபெருக்கியில் சொல்லும் ஒரு பெயருக்கு எடை இல்லை என்று எப்படிச் சொல்வது?

உங்கள் தரப்பு நியாயங்களும் காதில் விழாமல் இல்லை. ‘ஊரில் இப்படித்தான் பேசினார்கள், உள்ளதை உள்ளபடி காட்டுகிறோம்’ என்பது ஒன்று. உள்ளபடி காட்டுவது கலையின் வேலைதான். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) காட்டும் அவமானங்களில் எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை. ஆனால் அங்கே வைகிறவரைப் பார்த்துத்தான் நமக்கு வயிறு எரிகிறது. உங்கள் பகுதியில் பண்ணையார் வைதவுடன் சிரிப்பு யார் மேல் போய் விழுகிறது என்று ஒரே ஒரு நாள் மேடையிலிருந்து கவனியுங்கள். பண்ணையாரின் திமிர் மேல் விழுந்தால் சரி. குனிந்து நிற்பவர் மேல் விழுகிறது என்றால், நீங்கள் காட்டுவது பழைய கொடுமையை அல்ல. அதை இன்னொரு முறை நடத்துகிறீர்கள்.

‘அந்தச் சமூகத்துக் கலைஞர்களே எங்கள் குழுவில் இருக்கிறார்கள், அவர்களே சொல்கிறார்கள்’ என்பது இன்னொன்று. இதே கேள்வியோடு அமெரிக்காவின் நகைச்சுவை மேடை ஐம்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டியிருக்கிறது. நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர் கறுப்பினத்தவர். தன் இனத்தை வைத வசைச்சொல்லையே தலைப்பில் வைத்த இசைத்தட்டுக்காக கிராமி விருது பெற்றவர். 1979-ல் கென்யா போய் வந்தார். எங்கும் கறுப்பின மக்களே நிறைந்திருந்த அந்த நாட்டில், அந்தச் சொல்லுக்குப் பொருந்துகிற ஒருவரையும் தான் காணவில்லை என்று உணர்ந்து, இனி அதைச் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். 1982-ல் வந்த நிகழ்ச்சிப் படத்தில் அதை மேடையிலேயே அறிவித்தார். இன்னொரு கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் டேவ் சாப்பல் 2005-ல் ஐந்து கோடி டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுக் கிளம்பினார். நிறவெறியைக் கேலி செய்ய எடுத்த ஒரு காட்சியின் படப்பிடிப்பில் ஒருவர் சிரித்த சிரிப்பு அவரை உறுத்தியது. தான் கேலி செய்த நிறவெறியைப் பார்த்து அந்த மனிதர் சிரிக்கவில்லை, தன் இனத்தையே பார்த்துச் சிரிக்கிறார் என்று சாப்பலுக்குத் தோன்றியது. சொல்வதற்கு உரிமை உள்ளவர்களே, சிரிப்பு எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு நிறுத்தினார்கள்.

உரிமை இல்லாதவர் சொன்னபோது நடந்ததும் கேளுங்கள். 2017 ஜூன் 2 அன்று எச்பிஓ தொலைக்காட்சியில் பில் மாஹர் என்ற நகைச்சுவையாளரோடு செனட்டர் பென் சாஸ் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்கு வந்து வயல்வேலை செய்யுங்களேன் என்பதுபோல் செனட்டர் அழைக்க, வெள்ளையரான மாஹர் தன்னை வயலில் இறங்காத வீட்டு அடிமையாகச் சொல்லிக்கொண்டு, அந்த வசைச்சொல்லைச் சேர்த்துப் பதில் கொடுத்தார். யாரையும் திட்டவில்லை, தன்னைத்தானே கேலி செய்துகொண்டார் என்று வாதிடலாம். ஆனால் வயல் அடிமை, வீட்டு அடிமை என்ற பிரிவினை பல தலைமுறை மனிதர்களின் முதுகில் சாட்டையால் எழுதப்பட்டது. மறுநாளே மாஹர் மன்னிப்புக் கேட்டார். எச்பிஓ மறு ஒளிபரப்பில் அந்தப் பகுதியை வெட்டியது. அடுத்த வார நிகழ்ச்சியில் ராப் கலைஞர் ஐஸ் க்யூப் நேருக்கு நேர் உட்கார்ந்து, அந்தச் சொல் ஏன் வலிக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொன்னார். நம் ஊர்ப் பண்ணையார் காமெடிக்கும் மாஹரின் பதிலுக்கும் தூரம் அதிகமில்லை.

கடல் கடந்த தமிழர்கள் இதே வலியை மறுபக்கத்திலிருந்து பட்டிருக்கிறார்கள். மலேசியாவில் ‘இன்டர்லோக்’ என்ற மலாய் நாவலைப் பள்ளிப் பாடமாக்கியபோது, அதில் இந்தியத் தொழிலாளர்களைக் குறிக்கச் சாதிப் பெயர் வந்திருந்தது. தோட்டங்களில் பால்மரம் சீவி வளர்ந்த தலைமுறைகளின் பிள்ளைகள் வகுப்பறையில் அந்தப் பெயரால் கேலிக்கு ஆளாவார்கள் என்று தமிழர்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2011 இறுதியில் அரசு அந்த நாவலைப் பாடத்திலிருந்து திரும்பப் பெற்றது. அந்தப் போராட்டச் செய்தியைப் படித்துத் தமிழ்நாட்டில் நாம் எல்லோரும் அவர்கள் பக்கம் நின்றோம்.

வகுப்பறை என்றதும் நாங்குநேரி நினைவுக்கு வராமல் இருக்காது. 2023 ஆகஸ்டில், சக மாணவர்களின் சாதித் தொல்லையைப் பற்றிப் பள்ளியில் முறையிட்ட 12-ஆம் வகுப்பு மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை எடுப்பது முதல் மாணவர் கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுப்பது வரை அதில் பரிந்துரைகள் உண்டு. திருவிழா இரவில் கேட்ட வசையைத் திங்கட்கிழமை பள்ளிக்குக் கொண்டுபோக ஒரு பையனுக்குப் புத்தகப் பை தேவையில்லை. இப்போது கைப்பேசியில் முப்பது விநாடி ரீல்ஸாகவே அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. உங்கள் குரலோடு, உங்கள் முகத்தோடு.

வசை இல்லாமல் சிரிக்க வைக்க முடியுமா என்ற கேள்விக்குக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். ‘நல்லதம்பி’ (1949) படத்தில் வரும் அவருடைய ‘கிந்தனார்’ காலட்சேபத்தை நினைத்துப் பாருங்கள். தீயில் இறங்கி ஜோதியில் கலந்த நந்தனாரின் கதையைத் திருப்பிப் போட்டு, படிப்பின் மேல் ஆசை வைத்து ஊரை விட்டுக் கிளம்பி, படித்துப் பெரிய ஆளாகும் ஒரு சேரிப் பையனின் கதையாக ஆக்கினார். கதாகாலட்சேபம் என்ற பழைய வடிவம், பாட்டு, இடையிடையே கிண்டல் எல்லாம் அப்படியே இருந்தன. சிரிப்புக்கும் பஞ்சமில்லை. அடி விழுந்தது தீண்டாமையின் மேல். வடிவேலுவையும் பாருங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர்களைச் சிரிக்க வைத்த அதே முகத்தை ‘மாமன்னன்’ (2023) படத்தில் உட்கார நாற்காலி மறுக்கப்பட்டவராக வைத்துப் பார்த்தபோது, எத்தனை பேர் தொண்டையடைத்துப் போனார்கள்! நகைச்சுவைக் கலைஞரின் உடம்புக்குள் எவ்வளவு கனமான நடிப்பு இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பண்ணையார் காமெடியை அப்படித் திருப்பிப் போட உங்களுக்கு அரை மணி நேரம் போதும். கணக்கு நோட்டில் கூட்டத் தெரியாத பண்ணையார், விரல்விட்டே கணக்கைச் சரியாகச் சொல்லிவிடும் பண்ணையாள். ஆள் இல்லாமல் ஒரு நாள் வயலில் இறங்கிச் சேற்றில் வழுக்கி விழும் பண்ணையார். கொடுத்த கடனைவிடப் பத்து மடங்கு உழைப்பை வாங்கிவிட்டு, வட்டி மட்டும்தான் கழிந்தது என்று சாதிக்கும் பண்ணையார். பண்ணையாளை மட்டுமே சுற்றி வந்த பழைய பகுதியைவிட இவற்றில் நடிக்க எவ்வளவோ இடம் இருக்கிறது. சிரிப்பும் கூடும், ஓரத்தில் நிற்பவரும் தலை நிமிர்ந்து சிரிப்பார்.

‘கூத்தாடி’ என்று சொல்லித் திட்டு வாங்காத கலைஞர் உங்களில் ஒருவராவது உண்டா? பெண் கேட்டுப் போன வீட்டில், வாடகைக்கு வீடு தேடிய தெருவில், குடித்துவிட்டு மேடையேறி வம்பிழுத்தவர் வாயில் என்று எத்தனை இடங்களில் கேட்டிருப்பீர்கள்! தொழிலின் பெயரே வசையாகும்போது அது எங்கே போய்க் குத்தும் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? பெயர் இழிவாகும் இந்த வலியைத்தான் குறவர் சமூகமும் சொன்னது. தங்கள் பெயரில் ஆபாச ஆட்டம் வேண்டாம் என்று அவர்கள் நீதிமன்றம் போனபோது, 2023 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்கள் பக்கம் உத்தரவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் அரசும் குறவன் குறத்தி ஆட்டத்தைத் தடைசெய்து ஆணையிட்டது. அந்த ஆட்டத்தை நம்பியிருந்த குழுக்களுக்கு அது பெரிய இடி. பிழைப்பையே மாற்ற வேண்டி வந்தது. அவர்கள் பட்ட கஷ்டம் நிஜம். உத்தரவு வருவதற்கு முன்பே கலைஞர்கள் தாங்களாக அந்த ஆபாசத்தைக் களைந்திருந்தால், ஒரு கலைவடிவத்தின் பெயர் அரசின் கலைகள் பட்டியலிலிருந்து போயிருக்காது.

இப்போதும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போது, எந்தச் சாதியையும் மதத்தையும் கட்சியையும் தொட்டுப் பாடவோ பேசவோ கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போடுகிறது. காவல் நிலையத்தில் விழாக் கமிட்டிக்காரர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். மேடையேறும் கலைஞரின் கையில் அந்தத் தாள் வந்து சேருகிறதா?

அதனால் மூன்று வேண்டுகோள்கள். இந்த சீசன் தொடங்குவதற்கு முன் குழுத் தலைவர்கள் ஒரு நாள் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கூடி உட்காருங்கள். அவரவர் காமெடிப் பகுதிகளை ஒருமுறை சொல்லிப் பார்த்து, சாதிப் பெயர் வரும் இடங்களை வெட்டுங்கள். அந்த இடத்தில் உங்கள் குழுவில் தவில் வாசிப்பவரையும் பறை அடிப்பவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்; எது வலிக்கிறது என்று அவர்கள் சொல்வதே முடிவாக இருக்கட்டும். விழாக் கமிட்டியார் அட்வான்ஸ் கொடுக்கும்போதே, எங்கள் ஊர் மேடையில் சாதி சொல்லி யாரையும் வைய வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கேட்டு வாங்குபவர் இல்லையென்றால் விற்பவரும் நிறுத்துவார்.

பங்குனிக்கு நாள் இருக்கிறது. புதிய பண்ணையார் காமெடியை யார் முதலில் மேடையேற்றுகிறாரோ, அவருக்கு முன்வரிசையில் கைதட்ட ஆள் நிச்சயம்.

அன்புடன்,
உங்கள் மேடை முன் விடியும் வரை உட்காரும் ரசிகர்களில் ஒருவர்